மஞ்சளாகவே நின்ற கரைசல்

உயர்தர மாணவர்களுக்கு அயன் சமநிலையை நடத்தும்போது அமில வலிமை, பொது அயன் விளைவு (கரைசலில் ஏற்கெனவே உள்ள அயனையே மேலும் சேர்த்தால் பிரிகையோ கரைதலோ குறைவது), தாங்கற் கரைசல் (சிறிது அமிலமோ மூலமோ சேர்ந்தாலும் பிஎச் பெரிதாக மாறாத கரைசல்) என மூன்று தலைப்புகளாகப் பிரித்து நடத்துவதே வழக்கம். என் பார்வையில் அது ஒரே கதையை மூன்று துண்டாக்கும் வேலை. திருகோணமலையில் நான் நடத்தும் மாலை வகுப்புக்கு மூதூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி சென்ற வாரம் கேட்டாள்: "சேர், அசற்றிக்கமிலக் கரைசலிலேயே அமிலமும் அசற்றேற்று அயனும் இருக்குதானே, பிறகு தாங்கற் கரைசல் செய்ய ஏன் தனியாக அசற்றேற்று உப்புப் போட வேணும்?"

நியாயமான கேள்வி. 0.1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலம் முற்றாக அயன்களாகப் பிரிகையடைவதால் அதன் பிஎச் (அமிலத்தன்மையின் அளவு, எண் குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 1. அதே செறிவுள்ள அசற்றிக்கமிலத்திலோ 1.3 சதவீதம் மட்டுமே பிரிவதால் பிஎச் 2.9 அளவில் நிற்கிறது. செறிவு வேறு, வலிமை வேறு என்பதை மாணவர்கள் எழுதுவார்கள், ஆனால் அந்த 1.3 சதவீதம் எவ்வளவு சொற்பம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 100 கன சென்ரிமீற்றர் கரைசலில் உள்ள அசற்றேற்று 0.13 மில்லிமோல்தான், வெளியிலிருந்து 1 மில்லிமோல் ஐதரசன் அயன் வந்தால் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே ஆளில்லை.

விளக்கிக்கொண்டிருப்பதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று, அந்த 100 கன சென்ரிமீற்றரில் மெதயில் செம்மஞ்சள் (பிஎச் 3.1க்குக் கீழே சிவப்பும் 4.4க்கு மேலே மஞ்சளும் காட்டும் காட்டி) இரண்டு துளி விட்டேன், சிவந்தது. நீரற்ற சோடியம் அசற்றேற்று 0.82 கிராமைப் போட்டுக் கலக்கியதும், மூலம் எதையும் ஊற்றாமலேயே, சிவப்புக் கலைந்து மஞ்சளானது. சேர்த்த அசற்றேற்று சமநிலையை இடப்பக்கம், அதாவது பிரியாத அமிலத்தின் பக்கம், தள்ளியதால் பிரிகை 0.018 சதவீதமாகச் சுருங்கி, பிஎச் 4.74க்கு ஏறிவிட்டது. நிலாவெளி உப்பைக் கரைத்த நிரம்பிய கரைசலில் செறிந்த ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றினால் வெள்ளைப் பளிங்குகள் வீழ்வதும் இதே பொது அயன் விளைவினால்தான்.

இப்போது முகவையில் அமிலம் 10 மில்லிமோல், அசற்றேற்றும் 10 மில்லிமோல், இதுதான் தாங்கற் கரைசல். அளவியிலிருந்து (அளவு பார்த்துத் திரவம் விடும் குழாய்) 0.1 மோலார் ஐதரோகுளோரிக்கமிலம் 10 கன சென்ரிமீற்றர் விட்டோம். அசற்றேற்று 9 ஆகவும் அமிலம் 11 ஆகவும் மாற, பிஎச் 4.65க்கு மட்டுமே இறங்கியது, நிறம் அசையவில்லை. பக்கத்தில் அதே காட்டி விட்டு வைத்திருந்த 100 கன சென்ரிமீற்றர் வெறும் நீரோ 1 கன சென்ரிமீற்றருக்கே சிவந்துவிட்டது. உப்புக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்திலிருந்து அமிலத்தன்மையைக் காணும் இந்தக் கணக்கைத்தான் அமெரிக்க உயிரிரசாயனவியலாளர் ஹென்டர்சன் 1908இல் இரத்தத்தின் காபோனிக்கமிலத்துக்கும் இருகாபனேற்றுக்கும் போட்டுப் பார்த்தார்.

அவள் விடவில்லை, அளவியைத் தொடர்ந்து திறந்தே வைத்திருந்தாள். ஏறத்தாழ 40 கன சென்ரிமீற்றரில் மஞ்சள் மெல்லச் செம்மஞ்சள் கண்டது. அளவியை மறுமுறை நிரப்பி 100ஐ நெருங்கியபோது, அசற்றேற்று தீர்ந்து, முகவை முழுவதும் சிவந்தது.