ஆபீசுக்கு பைக்ல போறவங்க பூட்ஸ் வாங்குறப்ப

ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் பாத்து பாத்து வாங்குறவங்ககூட காலுக்குன்னு வரும்போது ஏதோ ஒரு கேன்வாஸ் ஷூவ மாட்டிட்டு கெளம்பிடுறாங்க, பைக் சாஞ்சா அந்த வெயிட் மொத்தமும் கணுக்கால் மேலதாங்க வந்து விழும்.

வாங்குறப்ப உள்ள தச்சிருக்க லேபிள்ல இஎன் 13634னு இருக்கான்னு பாருங்க, அது பைக் ஓட்டுறவங்க பூட்ஸுக்கான ஐரோப்பிய தரம். கூடவே ஒரு பைக் படம், நாலு நம்பர், ஒவ்வொண்ணும் 1 இல்லன்னா 2. 2தான் ஒசத்தி. அந்த நாலும் வரிசையா பூட்ஸ் உயரம், ரோட்ல தேஞ்சா தாங்குறது, வெட்டு தாங்குறது, கடைசியா சோல் பக்கவாட்டுல நசுங்காம இருக்குறது. நான் மொதல்ல பாக்குறதே அந்தக் கடைசி நம்பரத்தான், பாதம் நசுங்குனா நடக்குறதே போச்சு. கணுக்கால் பேட் டெஸ்ட் பண்ணதுன்னா ஐபிஏன்னு தனியா எழுத்து இருக்கும், வெறும் பஞ்ச வச்சு தச்சுட்டு பேடுன்னு சொல்றதும் உண்டு, அமுக்கி பாருங்க.

தினமும் ஆபீஸ்னா ரேஸ் பூட்ஸ் வேணாம், அதோட மாடி ஏறி நாள் பூரா உக்கார முடியாது, கணுக்கால மூடுற குட்டை பூட்ஸ் போதும். லேஸ் வச்சதுன்னா மேல வெல்க்ரோ பட்டை கண்டிப்பா வேணும், லேஸ் கியர் லீவர்ல சிக்குனா சிக்னல்ல கால் ஊன முடியாது. சாயங்காலமா போட்டுப் பாருங்க, அப்பதான் கால் கொஞ்சம் வீங்கி இருக்கும். முன்பக்கம் தடிப்பா இருந்து லீவருக்கு அடியில நொழையலன்னா மெக்கானிக்கிட்ட சொல்லி லீவர கொஞ்சம் மேல ஏத்திக்கோங்க.