தசைத் தகவமைப்பு வினா: தெப்பக்குளக் கரையில் படித்த அனுபவம்

முதுநிலை உடலியங்கியல் படிப்பின் இரண்டாம் பருவத் தேர்வில், உடற்பயிற்சிக்கு எலும்புத்தசை மூலக்கூறு அளவில் எவ்வாறு தகவமைகிறது என்ற 15 மதிப்பெண் வினாவுக்கு நான் வாங்கியது 4. படித்த பெயர் ஒன்றையும் நான் விட்டுவிடவில்லை. ஏஎம்பிகே (செல்லின் ஆற்றல் குறைவை உணரும் நொதி), எம்டார் (புரத உற்பத்தியைத் தூண்டும் நொதி), பிஜிசி-1 ஆல்ஃபா (மைட்டோகாண்ட்ரியா பெருக உதவும் புரதம்) என அனைத்தையும் கட்டம் கட்டி, அம்புக்குறி போட்டு, ஒரு பக்கம் முழுக்க நிரப்பியிருந்தேன். திருத்தியவர் மூன்று அம்புகளின் அருகே சிவப்பு மையில் ‘எப்போது?’ என்று மட்டும் எழுதியிருந்தார். அந்தத் தாளை மறுபடி எழுத வேண்டியிருந்ததால், அதற்குள் நான் படித்த முறையை இங்கே பகிர்கிறேன்.

எங்கள் வீடு மதுரை காமராசர் சாலையில் இருக்கிறது. விடியற்காலையில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது வழக்கம் என்பதால், குளத்தின் நான்கு கரைகளையும் வினாடி, நிமிடம், மணி, வாரம் என்று நான்கு காலங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கரையிலும் அந்தக் காலத்துக்குள் தசையில் நடப்பதை மட்டும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். அடுத்த கரைக்குரியது முன்கூட்டியே வாயில் வந்துவிட்டால், பாடம் இன்னும் பிடிபடவில்லை என்று பொருள்.

முதல் கரையில் தசை சுருங்குகிறது, கால்சியம் வெளிப்படுகிறது, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி (ATP) செலவாகிறது. இங்கே மாணவர்கள் பெரும்பாலும் ‘ஏடிபி குறைவதால் ஏஎம்பிகே தூண்டப்படுகிறது’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். உண்மையில் கடுமையாக உழைக்கும் தசையும் தன் ஏடிபி அளவைப் பெரிதாகச் சரியவிடுவதில்லை. ஏடிபி ஒரு பாஸ்பேட்டை இழந்தபின் எஞ்சும் டைபாஸ்பேட் (ADP) மூலக்கூறுகள் இரண்டை எடுத்து, அடினைலேட் கைனேஸ் என்ற நொதி ஓர் ஏடிபியையும் ஓர் ஏஎம்பியையும் (ஒரே பாஸ்பேட் உள்ள வடிவம், AMP) உண்டாக்குகிறது. இதனால் ஏடிபி சிறிதளவு இறங்கும்போதே ஏஎம்பி பல மடங்கு ஏறிவிடுகிறது. செல் கவனிப்பது இந்த ஏற்றத்தைத்தான். இதை ஒரே வரியில் எழுதினாலும் போதும், எழுதியவருக்கு விஷயம் தெரியும் என்பது திருத்துபவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டாம் கரையில் ஏஎம்பிகே மீது பாஸ்பேட் ஏறி, அது செயல்படத் தொடங்குகிறது. கால்சியத்தை உணரும் கைனேஸ்களும் (பிற புரதங்கள் மீது பாஸ்பேட் ஏற்றும் நொதிகள்) விழித்துக்கொள்கின்றன. குளுட்-4 என்ற குளுக்கோஸ் கடத்தி செல்லின் உள்ளிருந்து மேற்பரப்புக்கு நகர்கிறது. இந்த நகர்வுக்கு இன்சுலின் தேவையில்லை. சர்க்கரை நோய்க்காக நடக்கச் சொல்லி மருத்துவர் அனுப்பிய பெரியவர்கள் பலர் என்னைக் கடந்துகொண்டே இருந்ததால், இந்தப் பகுதியை மட்டும் நான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் கரைதான் நான் தவறிய இடம். பிஜிசி-1 ஆல்ஃபா 1998-இல் கண்டறியப்பட்டது. அது தானாக டிஎன்ஏ-வைப் பற்றுவதில்லை. என்ஆர்எஃப்-1 போன்ற படியெடுப்புக் காரணிகளோடு (டிஎன்ஏ-வைப் பற்றி மரபணுக்களை இயக்கும் புரதங்கள்) சேர்ந்து நின்று, மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய மரபணுக்களை இயங்கச் செய்கிறது. அதன் எம்ஆர்என்ஏ (புரதம் செய்வதற்கான மரபணுவின் நகல்) பயிற்சி முடிந்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஒரு நாளுக்குள் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. அப்படியானால் பயிற்சியின் பலன் எங்கே தங்குகிறது? எம்ஆர்என்ஏ மறைந்தாலும் அதிலிருந்து உருவான புரதம் அவ்வளவு விரைவில் மறைவதில்லை. ஒவ்வொரு நாளின் சிற்றேற்றமும் முந்தையதன் மேல் படிந்து, நான்காம் கரையில், வாரக் கணக்கில், மைட்டோகாண்ட்ரியா பெருகியதாக வெளிப்படுகிறது. உடற்பயிற்சி ஆய்வாளர் ஜான் ஹோலோசி 1967-இலேயே ஓட்டப் பயிற்சி பெற்ற எலிகளின் தசையில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் மைட்டோகாண்ட்ரியத் திறன் ஏறக்குறைய இரு மடங்கானதைக் காட்டிவிட்டார். விளைவு முதலில் தெரிந்தது, அதன் மூலக்கூறு முப்பது ஆண்டுகள் கழித்தே கிடைத்தது என்ற வரிசையையும் நினைவில் வையுங்கள். பிஜிசி-1 ஆல்ஃபா நீக்கப்பட்ட எலிகளிலும் பயிற்சியால் சில மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் கூடியிருக்கின்றன. ஆகவே ‘முதன்மைக் கட்டுப்பாட்டாளர்’ என்று எழுதுங்கள், ‘ஒரே காரணம்’ என்று எழுதாதீர்கள்.

எடை தூக்கும் பயிற்சிக்கும் இதே நான்கு கரைகள் பொருந்தும். எம்டார் கூட்டமைப்பு-1 (எம்டாரும் அதன் துணைப் புரதங்களும் சேர்ந்த தொகுதி) தூண்டப்பட்டு, சில மணி நேரத்தில் புரத உற்பத்தி கூடி, வாரங்கள் செல்லச் செல்ல இழை பருக்கிறது. எம்டாரைத் தடுக்கும் ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தால் பயிற்சிக்குப் பிந்தைய அந்தப் புரத ஏற்றம் மனிதரிலும் தடைபடுகிறது என்பது இதற்கு வலுவான சான்று. அலெக்சாண்டர் மௌரோ 1961-இல் விவரித்த துணைச் செல்கள் (தசை இழையை ஒட்டியிருக்கும் தண்டுச் செல்கள்) இழைக்குப் புதிய உட்கருக்களைத் தருவதையும் இங்கே சேர்க்கலாம். ஆனால் முதல் சில வாரங்களில் கூடும் வலிமையைப் புரதத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துடையது. என் தாய்மாமா கீழமாசி வீதியில் சுமை தூக்குபவர். ‘புதுசா வர்ற பையனுக்கு மூட்டை பதினஞ்சு நாள்ல பழகிரும் மாப்ள, உடம்பு ஏற ஆறு மாசம் ஆகும்’ என்று அவர் ஒருமுறை சொன்னது, பாடநூலின் இரண்டு பக்கத்தை விடத் தெளிவாக இருந்தது.

ஓட்டத்தையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தால் என்ன ஆகும் என்பது துணைக் கேள்வியாக அடிக்கடி வரும். ராபர்ட் ஹிக்சன் 1980-இல் பத்து வாரம் நடத்திய ஆய்வில், இரண்டையும் செய்த குழுவின் வலிமை இறுதி வாரங்களில் சரியத் தொடங்கியது. ஏஎம்பிகே எம்டாரை அடக்குவதே காரணம் என்று எழுதுவது வசதியானதுதான். எனினும் அந்த விளக்கம் செல்களிலும் விலங்குகளிலும் கிடைத்த அளவுக்கு மனிதத் தசையில் சுத்தமாகக் கிடைக்கவில்லை என்ற வரியும் உடன் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலத்தைக் காரணம் காட்டுவது வேறொரு பழைய பிழை. லாக்டேட் ஓரிரு மணி நேரத்துக்குள் இயல்புக்குத் திரும்பிவிடும், வலியோ ஓரிரு நாள் கழித்தே உச்சம் தொடும்.

மறுதேர்வில் விடைத்தாளின் குறுக்கே முதலில் ஒரு கோடு போட்டு, நான்கு காலங்களையும் குறித்து, ஒவ்வொன்றின் கீழும் அளக்கப்படுவது பாஸ்பேட் ஏற்றமா, எம்ஆர்என்ஏ-வா, சிட்ரேட் சிந்தேஸ் போன்ற மைட்டோகாண்ட்ரிய நொதியின் செயல்திறனா என்பதையும் எழுதிய பிறகே பத்திகளைத் தொடங்கினேன். 11 கிடைத்தது. தசையின் தந்துகிகள் (மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள்) பெருகுவதைப் பற்றியும், அதற்குத் தூண்டலாகும் விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி பற்றியும் ஒரு வரிகூட எழுதாததால் சில மதிப்பெண்கள் போயின. நான்காம் கரையில் நான் எப்போதும் வேகமாக நடந்துவிடுவேன்.