மொய் நோட்டும் ஊரும்

பேராவூரணிப் பக்கம் ஆடி பிறந்தால் மொய் விருந்துதான்; ஊரைக் கூப்பிட்டு விருந்து போட்டு மொய்ப்பணம் வாங்குவார்கள். கறிச்சோறு சாப்பிட்டு, கை கழுவி, மொய் எழுதுபவர் முன்னால் போய் நிற்போம். ஊர், தகப்பனார் பெயர், தொகை எல்லாம் நோட்டில் ஏறும்.

ஒரே வட்டாரத்தில் வாழ்வதும் 'நாம்' என்ற உணர்வும் சேர்ந்தால்தான் சமூகம் என்றார் சமூகவியலாளர் மெக்ஐவர். நான் தீராத கொடுக்கல் வாங்கலையும் சேர்ப்பேன். வாங்கியதை மட்டும் திருப்பினால் கணக்கு முடியும், ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வருவதும் நின்றுவிடும். அதனால்தான் அப்பா பழைய மொய்யோடு புது மொய்யும் கூட்டி வைப்பார். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் கூட்டத்தில் ஒருவர் குறைந்தால் யார் தேடுவார்கள்? நோட்டில் பெயருள்ளவர் வராவிட்டால் மாலைக்குள் விசாரிக்க ஆள் போகும்.

வட்டிக்கு வாங்கி மொய் வைத்து நொடித்தவர்களும் உண்டு. அவர்களுக்குத் தவணை கொடுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.