முப்பத்து மூன்றரை மணி நேரத்தில் ஒரு நாள்

ஜூன் 3, 2024, திங்கள்

டொரன்டோவில் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மாவுக்கு மூட்டுவலி, அவ்வளவு நேரம் உட்கார்ந்து வர முடியாது. அதனால் லேகியத்தோடு நான் போகிறேன். சிக்கல் என் கணையம்தான். 11 வயதில் அது இன்சுலின் சுரக்கும் வேலையை நிறுத்தியது. இப்போது எனக்கு 36. டைப் 1 சர்க்கரையோடு 25 வருஷக் குடித்தனம்.

டாக்டர் ஒரு தாளில் கோடு போட்டுக் காட்டினார். இரவு 10 மணிக்கு நான் போடும் 16 யூனிட் நீண்ட நேர இன்சுலின், 24 மணி நேரத்துக்கானது. ஜூன் மாதத்தில் டொரன்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. மேற்கே பறந்தால் நாள் நீளும். இங்கே ராத்திரி 10 மணிக்கு ஊசி போட்டுக் கிளம்பினால், அங்கே அடுத்த 10 மணி வருவதற்குள் முப்பத்து மூன்றரை மணி நேரம் ஓடிவிடும்.

"நடுவுல விழற ஓட்டையை அடைக்கணும். பிளேன்லயே, நம்ம ஊர் 10 மணிக்கு 6 யூனிட் போட்டுக்குங்க. அங்க போய் ராத்திரி வழக்கமான 16. அதுவரைக்கும் வாட்ச்ச மாத்தாதீங்க."

(இது என் உடம்புக்குப் போட்ட கணக்கு. படிக்கிறவர்கள் அவரவர் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.)

எழுந்திருக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "பக்கத்து சீட்டுல இருக்கறவங்ககிட்டயும் சொல்லி வைங்கம்மா." தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 8, சனி

"பெரிய பெட்டியில வச்சா பத்திரமா இருக்குமேடி" என்கிறாள் அம்மா. இருக்காது. சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து போகலாம். ஒருமுறை உறைந்தால், மறுபடி இளகினாலும் அது வெறும் தண்ணீர்தான். போதாததற்குப் பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால்? லேகியம் தொலைந்தால் தங்கை பிழைத்துக்கொள்வாள். அதனால் இன்சுலின் பேனா, ஊசி, ஸ்ட்ரிப், இரண்டு குளூக்கோமீட்டர் எல்லாமே கைப்பையில். தேவைக்கு இரண்டு மடங்கு. தாம்பரம் வெயிலில் கரண்ட் போகும் நாட்களில் மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றிய மருந்துக்கு விமான ஏசி ஒன்றும் செய்யாது.

சர்க்கரைக்காரர்களுக்கான சிறப்புச் சாப்பாடு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதில் மாவுச்சத்தைக் கழித்துவிட்டு ஒரு ஆப்பிளைக் கொடுப்பார்களாம். எனக்கு மாவுச்சத்து எவ்வளவு என்று தெரிந்தால் போதும், மீதியை ஊசி பார்த்துக்கொள்ளும்.

டாக்டர் கொடுத்த கடிதத்தை அம்மா நாலாக மடித்துப் பையின் அடியில் வைத்தாள். "கேட்டா மட்டும் காட்டு." பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், மாமியார் வீட்டுச் சொந்தங்களிடம், எங்கேயும் இதே வாக்கியம்தான். பொண்ணு பார்க்க வந்தபோது நான் பாத்ரூமில் ஊசி போட்டுக்கொண்டு வந்துதான் காபி கொடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய், இரவு

10 மணிக்கு 16 யூனிட். கணக்கு ஆரம்பம். ஏர்போர்ட் சோதனையில் பையைத் திறந்த பெண் காவலர் கடிதத்தைப் பாதிகூடப் படிக்கவில்லை. "சுகரா? எங்க அப்பாவுக்கும். போங்க."

ஜூன் 12, புதன் (எந்த ஊர் புதன் என்று கேட்கக் கூடாது)

தோஹா வரை தொல்லையில்லை. அங்கிருந்து டொரன்டோவுக்கு 14 மணி நேரம். நடக்க வசதியாக ஓரத்து சீட்டு வாங்கியிருந்தேன். நடு சீட்டு காலி. ஜன்னலோரம் ஒரு கல்லூரிப் பையன், சென்னைக்காரன், காதில் ஹெட்ஃபோன்.

அப்புறம் வரிசையாக மூன்று தப்பு செய்தேன். கால் நீட்ட இடம் வேண்டுமென்று கைப்பையை மேலே வைத்தேன். சாப்பாட்டு வண்டி நாலு வரிசை முன்னால் நின்றபோது பையன் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தான். இதுதான் சமயம் என்று துப்பட்டாவுக்குள்ளேயே, சாப்பாட்டுக்கான வேக இன்சுலின் 7 யூனிட் போட்டுக்கொண்டேன். விமானத்தில் தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி என்பது எனக்குத் தெரியாததா? 25 வருஷமாக யார் கண்ணிலும் படாமல் போட்டுப் பழகிய கை கேட்கவில்லை. மூன்றாவது, பையனிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை.

விமானம் குலுங்க ஆரம்பித்தது. பெல்ட் விளக்கு எரிந்தது. வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சிறப்புச் சாப்பாடு சொல்லியிருந்தால் முதலிலேயே வந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது.

அரை மணி நேரம் கழித்துக் கழுத்தில் வேர்வை. விரல் நடுக்கம். மீட்டர் மட்டும் இடுப்புப் பையில் இருந்தது: 58. குளூக்கோஸ் மேலே, எட்டாத உயரத்தில். பையன் முன்னால் பிரிக்காத கோக் டின் ஒன்று இருந்தது.

"தம்பி, அதக் கொஞ்சம் தர முடியுமா? எனக்கு சுகர் லோ ஆகுது."

ஹெட்ஃபோனைக் கழற்றினான். "இது டயட் இல்ல ஆன்ட்டி, சாதா."

"சாதாதான் வேணும்."

அரை டின் குடித்தால் ஏறக்குறைய 15 கிராம் சர்க்கரை. பதினைந்து நிமிஷம் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து நிமிஷமும் பையன் போனில் டைமர் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 84. கூப்பிடு மணியையும் அவனே அழுத்தியிருந்தான். வந்த பணிப்பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பையை இறக்கிக் கொடுத்தார். மீதி வழி முழுக்க அது காலடியிலேயே இருந்தது. கால் நீட்ட முடியாமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடந்தேன். இரத்தம் கட்டாமலிருக்க அது நல்லதுதான்.

வாட்ச்சில் 10 மணி. ஜன்னலுக்கு வெளியே நண்பகல் வெயில். பேனாவை எடுத்து 2 யூனிட்டைக் காற்றில் பீய்ச்சினேன்.

"ஏன் வேஸ்ட் பண்றீங்க?"

விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டியில் இருப்பதுபோல. அழுத்தம் குறைந்தால் பேனாவுக்குள் இருக்கும் குமிழி உப்பும். அதை வெளியேற்றாவிட்டால் மருந்துக்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே சல்வாரை லேசாக ஒதுக்கி 6 யூனிட் போட்டேன். துப்பட்டா சீட்டில் கிடந்தது.

ஜூன் 13, வியாழன்

நேற்று இரவு 10 மணிக்கு, இந்த ஊர் 10 மணிக்கு, 16 யூனிட். வாட்ச்சை மாற்றினேன். காலையில் 161. பரவாயில்லை. காலில் லேசான வீக்கம், உதடு வெடித்திருக்கிறது. தூக்கம் மட்டும் இன்னும் தாம்பரத்தில் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

தங்கை வீட்டுக்காரர் காரில் டொரன்டோ பல்கலைக்கழகம் பக்கம் கூட்டிப்போனார். 1921-ல் பான்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினைக் கண்டுபிடித்த இடம். 1922 ஜனவரியில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதற்கு முன்பு என்னைப்போல் 11 வயதில் வந்தவர்களைப் பட்டினி போட்டுக் கொஞ்ச காலம் இழுத்துப் பிடிப்பார்கள், அவ்வளவுதான். காரை நிறுத்த இடமில்லை. ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தோம்.

மாலையில் ஸ்கார்பரோவில் தங்கை வீடு நிறைய ஆட்கள். தங்கையின் மாமனார் யாழ்ப்பாணத்துக்காரர், அவருக்கும் சர்க்கரை. "காலமை எனக்கு ஏழு" என்றார். 58-க்கே நடுங்கிய எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன பிள்ளை, பயந்திட்டியே? இஞ்ச கணக்கு வேற. பதினெட்டால பெருக்கு."

126. அடப்பாவி, என்னைவிட நல்ல கணக்கு. அவருடைய மீட்டரை என் பக்கம் நகர்த்தினார். வடை தட்டோடு ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். வீடியோ காலில் அம்மாவும் இருந்தாள்.

"உனக்கு எத்தனை?"

குத்திப் பார்த்தேன். "எட்டு புள்ளி ரெண்டு" என்று சத்தமாகவே சொன்னேன்.

போன் திரையில் அம்மா முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் கோளாறாகவும் இருக்கலாம்.