சோங்கும் ஷாமனும்: கிழக்காசியத் தொல்லியல் தாளுக்கு நான் படித்த விதம்

முதுகலைத் தொல்லியல் படிப்பில் கிழக்காசியத்தை விருப்பப் பாடமாக எடுப்பவர்களுக்குப் பண்டைய சீனத்தின் ஷாமன் (பரவச நிலையில் ஆவிகளோடு தொடர்புகொள்ளும் பூசாரி) வழிபாடும் ஜேடுக்கல் சடங்குப் பொருள்களும் பற்றிய பகுதி முதலில் எளிதாகவே தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இடைப்பருவக் கட்டுரையில், லியாங்ஜு பண்பாட்டின் சோங் என்னும் துளையிட்ட ஜேடுக்கல்லை விளக்குவதற்கு, நீலப் பீ வட்டால் வானையும் மஞ்சள் சோங்கால் மண்ணையும் வழிபட வேண்டும் என்று சௌலி என்னும் பண்டைய சீனச் சடங்கு நூல் சொல்வதை எடுத்தாண்டு, அத்துடன் எல்லாம் விளங்கிவிட்டது போல முடித்திருந்தேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியை மட்டும் எழுதியிருந்தார்: "இந்தக் கல்லுக்கும் இந்த வரிக்கும் இடையே எத்தனை ஆண்டுகள்?"

லியாங்ஜு ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 2300 வரை யாங்சி ஆற்றின் கீழ்ப்பகுதியில் தழைத்த பண்பாடு. சௌலியோ அது மறைந்து ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்குப் பின் உருப்பெற்ற நூல். பாதி மதிப்பெண் போனது நியாயம்தான் என்பதை ஒப்புக்கொள்ளச் சில நாள்கள் ஆயின. அதன் பிறகு நூல்களை மூடிவைத்துவிட்டுப் பொருள்களிலிருந்து படிக்கத் தொடங்கினேன்.

நான் முதலில் எடுத்துக்கொண்டது ஜெஜியாங் மாநிலத்தில் ஃபான்ஷான் இடுகாட்டின் 12-ஆம் கல்லறையில் 1986-இல் கிடைத்த பெரிய சோங். உயரம் 8.9 சென்டிமீட்டர்தான்; எடை 6.5 கிலோ. வெளியே நாற்புறம், உள்ளே வட்டத் துளை. நான்கு பக்கங்களின் நடுப்பள்ளத்திலும் மேலொன்று கீழொன்றாக மொத்தம் எட்டு முறை ஒரே உருவம் வருகிறது. தீப்பெட்டியின் மேல்பரப்புக்குள் அடங்கிவிடக்கூடிய அந்த உருவத்தைப் பெரிதாக்கிய படத்தைப் பார்த்து நான் பென்சிலால் வரைந்தேன். ஒரு மாலை முழுவதும் அதற்கே சரியாகப் போயிற்று. இறகுகள் விரிந்த தலையணி, அதன் கீழே மேற்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய மனித முகம், மடங்கிய இரு கைகள், அந்தக் கைகளுக்கு இடையே பெரிய வட்டக் கண்களுடன் ஒரு விலங்கு, அதற்கும் கீழே நகங்களோடு மடங்கிய கால்கள். படத்தைப் பத்து முறை பார்த்தும் கண்ணில் படாத கைகள், வரையும்போதுதான் தட்டுப்பட்டன. இந்தத் தாளைப் படிப்பவர்கள் குறிப்பெழுதுவதைவிட ஓவியம் வரைவதற்கு நேரம் ஒதுக்குவது நல்லது என்று நான் சொல்வது இதனால்தான்.

செய்முறையையும் விட்டுவிடக் கூடாது. ஜேடு என்று இங்கே சொல்லப்படுவது நெஃப்ரைட் என்னும் கல். என் பழைய குறிப்புகளில் இருந்தது போல அதை மரகதம் என்று மொழிபெயர்த்தால் வேறொரு கல்லைப் பற்றி எழுதியவர்களாவோம். உளியால் செதுக்க இசையாத இக்கல்லை, உலோகக் கருவி இல்லாத லியாங்ஜு மக்கள் நீரும் கடினமான மணலும் இட்டு, கயிற்றால் அறுத்தும் குழல்வடிவக் கருவியால் துளைத்தும் பொறுமையாகத் தேய்த்தே உருவாக்கினார்கள். அத்தனை உழைப்பையும் கொட்டிச் செய்த பொருள்கள் ஒரே கல்லறையில் 600-க்கு மேல் குவிந்திருப்பது, சடங்கும் அதிகாரமும் சிலர் கையில் ஒன்றுசேர்ந்திருந்ததைக் காட்டுகிறது. ஷாமன் என்ற சொல்லையே பயன்படுத்தாமல் இந்த முடிவுக்கு வந்துவிட முடியும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தச் சொல் சைபீரியாவின் துங்கூசிய மொழிகளிலிருந்து வந்தது. சீனத்தில் உள்ள சொல் வூ. கி.பி. 100 அளவில் சூ ஷென் தொகுத்த ஷுவோவென் அகராதி, லிங் என்னும் எழுத்தை விளக்கும்போது வூ ஜேடைக் கொண்டு தெய்வத்துக்குப் பணி செய்பவர் என்கிறது. தேர்வில் மேற்கோள் காட்டக் கைகள் துடிக்கும் வரி இது. காட்டலாம், ஆனால் ஹான் காலத்தவர் என்ன நம்பினார்கள் என்பதற்கு மட்டுமே அதைச் சான்றாக வைக்க வேண்டும்.

அறிஞர் கே. சி. சாங், சோங்கின் சதுரமும் வட்டமும் மண்ணையும் வானையும் குறிப்பதாகவும், நடுத்துளை அவற்றை இணைப்பதாகவும், விலங்குகள் ஷாமனுக்குத் துணை நிற்பவை என்றும் வாதிட்டார். டேவிட் கீட்லி போன்றவர்கள், லியாங்ஜுவுக்குப் பிந்தைய ஷாங் அரச மரபின் காலத்து ஆரூட எலும்புகளில் (குறி கேட்டு எழுத்துப் பொறித்த எலும்புகளில்) தெரிவது பரவசம் அன்று, ஒழுங்குபடுத்தப்பட்ட முன்னோர் வழிபாடு என்று மறுத்தார்கள். என் கணிப்பில், சாங்கின் வாதம் வான்–மண் விளக்கத்தில் வலுவிழக்கிறது. விலங்கின் மேல் மனிதன் வீற்றிருக்கும் அந்த எட்டு உருவங்களில்தான் அதற்கு உயிர் இருக்கிறது. விடைத்தாளில் இப்படி ஒரு நிலைப்பாடு எடுத்தால் மதிப்பெண் குறையாது.

வடக்கே, லியாவ் ஆற்றுப் பகுதியின் ஹோங்ஷான் பண்பாட்டைச் சுருக்கமாகப் படித்தால் போதும். ஆனால் லியாவ்னிங் மாநிலத்தின் நியூஹெலியாங்கில் 2002-இல் கிடைத்த 18.5 சென்டிமீட்டர் ஜேடு மனித உருவத்தை மறக்க வேண்டாம்: மடக்கிய இரு கைகளும் மார்பின் மேல் இருக்கின்றன. அன்ஹுய் மாநிலத்தின் லிங்ஜியாதான் உருவங்களும் அதே நிலையில் இருப்பதால், ஒப்பீட்டுக் கேள்விக்கு இவ்விரண்டும் கைகொடுக்கும்.

பொருளின் வயதும் அது கிடைத்த இடத்தின் வயதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு, அன்யாங்கில் 1976-இல் அகழப்பட்ட, ஷாங் அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையை எழுதினேன். அங்கிருந்த 755 ஜேடுப் பொருள்களுக்கிடையே அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தைய ஹோங்ஷான் மரபைச் சேர்ந்த பழங்கல்லும் இருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் பேரரசர் சியான்லாங் சோங்குகளைத் தண்டுமுனைப் பூண்கள் என்று எண்ணிச் சிலவற்றில் கவிதை பொறித்ததையும் அதனோடு சேர்த்தேன். அரசரே தவறினார் என்பதில் எனக்குச் சிறு ஆறுதலும் இருந்தது.

வாய்மொழித் தேர்வில் ஒரு சோங்கின் உட்பக்கப் படத்தை நீட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். துளையின் நடுவில் மெல்லிய வரம்பு ஒன்று ஓடியது. இரு பக்கமிருந்தும் துளைத்துக்கொண்டு வந்தவர்கள் நடுவில் மயிரிழை விலகிச் சந்தித்த இடம் அது என்றேன். தேர்வாளர் படத்தைத் தம் பக்கம் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு, அடுத்த படத்தை எடுத்தார்.