வார் அறுந்திருக்காவிட்டால்?

"அந்த வார் மட்டும் அறுந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் சார்?" என்ற கேள்விக்கு, "ஒன்றும் ஆகியிருக்காது, போனபார்ட் குடும்பத்தின் கதை 1875-லேயே முடிந்துவிட்டது" என்று சொல்லியாகிவிட்டது. பிரான்சின் மூன்றாம் குடியரசைப் பாடம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்வோம். மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இதைவிடச் சௌகரியமான பதில் கிடையாது. ஆனாலும் உறுத்துகிறது.

வார் என்றது சேணத்தில் கைத்துப்பாக்கி உறைகளை இணைக்கும் தோல் பட்டை. 1879 ஜூன் 1, ஸூலு நாடு. பிரான்சின் கடைசிப் பேரரசர் மூன்றாம் நெப்போலியனின் சட்டப்படியான ஒரே மகனுக்கு, அதாவது இளவரசருக்கு, அப்போது வயது 23. பிரிட்டிஷ் படையோடு போயிருந்தார். ஆளில்லாத ஒரு குடியிருப்பில் சேணங்களை அவிழ்த்துப் போட்டு, காவலுக்கு ஒருவரையும் நிறுத்தாமல் காப்பி போட்டுக் குடித்தார்கள். மறுபடி ஏறக் கட்டளை வந்த நொடியில் புதரிலிருந்து வேட்டு. குதிரை மிரண்டு ஓட, இளவரசர் வாரைப் பிடித்துக்கொண்டே கூட ஓடித் தாவப் பார்த்தார். ஓடும் குதிரையில் தாவி ஏறுவதில் அவர் கெட்டிக்காரர்தான். தோல் கிழிந்தது. அங்கேயே இறந்தார். ஈட்டிக் காயங்கள் அத்தனையும் உடம்பின் முன்பக்கம்.

1875 என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. ஜனவரி 30 அன்று 353-க்கு 352, ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வல்லோன் என்ற உறுப்பினரின் திருத்தம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவரை இனி இரண்டு அவைகளும் கூடித் தேர்ந்தெடுக்கும், மக்கள் அல்ல. போனபார்ட்டுகளின் கையிருப்பே மக்களின் நேரடி வாக்குதான். 1848 டிசம்பரில் குடியரசுத் தலைவர் தேர்தலில் இளவரசரின் தந்தை வாங்கியது சுமார் 54 லட்சம். 1870 மே பொதுவாக்கெடுப்பில் 'ஆம்' என்றவர்கள் 73 லட்சத்துக்கு மேல். நான்கே மாதத்தில் செடான் போரில் பிரஷ்யாவிடம் தோற்று ஆட்சியும் போனது, அது வேறு விஷயம். இன்னொன்று: 1874-இல் நியேவ்ர் இடைத்தேர்தலில் இவர்கள் ஆள் ஜெயித்ததைப் பார்த்து மிரண்டுதான் நடுநிலைக்காரர்கள் குடியரசின் பக்கம் நகர்ந்தார்கள். ஜெயிக்க ஜெயிக்கக் கதவு இறுகியது. ஆக, பதில் சரிதானே?

அப்படியானால் 1877 அக்டோபர்? அந்த நாடாளுமன்றத் தேர்தலில் போனபார்ட் கட்சியினர் நூறு இடங்களை ஒட்டி வாங்கினார்கள். முடிந்துபோன கதைக்கு இத்தனை வாக்கு விழாது.

அதைவிட உறுத்துவது புலாஞ்சே. 1888-89-இல் அந்தத் தளபதி செய்தது புதிதல்ல. ஒரே ஆள் பல இடைத்தேர்தல்களில் நின்று, ஜெயித்து, ராஜினாமா செய்து, மறுபடி நின்று, தேர்தலையே தன் பேருக்கான பொதுவாக்கெடுப்பாக மாற்றுவது. 1848-இல் லண்டனில் இருந்தபடியே பல மாவட்டங்களில் தேர்வானவர் இளவரசரின் தந்தை. அந்தப் பழைய போனபார்ட் வாக்குகளில் பெரும்பங்கு புலாஞ்சேக்குப் போனது. இளவரசர் இருந்திருந்தால் வயது 32. பேரும் சொந்தமாக இருந்திருக்கும். குடியரசு எவ்வளவு பயந்தது என்பதற்கு, பல தொகுதிகளில் நிற்பதையே 1889 ஜூலையில் சட்டம் போட்டுத் தடுத்ததே சாட்சி.

ஆனால் 1884-லேயே, ஆண்ட குடும்பத்தார் குடியரசுத் தலைவராக முடியாது என்று அரசியலமைப்பில் எழுதிவிட்டார்கள். 1886 சட்டம் குடும்பத் தலைவர்களையும் அவர்களின் நேர் வாரிசுகளையும் நாடு கடத்தியது. மற்ற உறுப்பினர்களுக்கும் தேர்தல் பதவி கிடையாது என்றது. நின்றிருந்தாலும் செல்லாது. இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பழைய பதிலே பரவாயில்லை என்று தோன்றும்.

ஒருவேளை வாரைவிட உயில்தான் பெரிய விஷயமோ? ஸூலு நாட்டுக்குக் கப்பல் ஏறுவதற்கு முந்தைய இரவு இளவரசர் எழுதியது. முறைப்படி அடுத்த வாரிசான ழெரோம் நெப்போலியனைத் தாண்டி, அவர் மகன் விக்தோருக்குப் பொறுப்பைக் கொடுத்தார். விக்தோருக்கு அப்போது 16. போனபார்ட் ஆதரவாளர்கள் கூட்டம் அப்பா கட்சி, பிள்ளை கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. அப்படி எழுதாமல் இருந்திருந்தால்? ழெரோம் இடதுசாரி, திருச்சபை எதிர்ப்பாளர். கத்தோலிக்கத் தொண்டர்கள் பின்னால் போயிருக்க மாட்டார்கள். குடும்பத்தின் சொந்த ஊரான அஜாக்சியோவிலேயே 1877-இல் அவரைத் தோற்கடித்தவர், பாரிஸை இடித்துக் கட்டிய ஓஸ்மான், மூன்றாம் நெப்போலியனின் நம்பிக்கைக்குரிய அதிகாரி! உயில் வருவதற்கு இரண்டு ஆண்டு முன்பே வீடு பிளந்துதான் கிடந்தது.

அதே அஜாக்சியோவில் போனபார்ட் பேர் சொன்ன கட்சி நகராட்சியைப் பல பத்தாண்டுகள் வைத்திருந்தது. 2001-இல் தோற்றது. ஜெயித்த இடதுசாரிக் கூட்டணியில் இருந்தவர் ஷார்ல் நெப்போலியன், அந்த ழெரோமின் கொள்ளுப்பேரன். இதை எந்தத் தலைப்பின் கீழ் நடத்துவது?

விடைக்குறிப்பில் இப்போதும் 1875 என்றுதான் இருக்கிறது.