தள்ளு மாடல் டர்போ

எங்கள் மீன் லாரிக்கு என்னைவிட இரண்டு வயது அதிகம். உச்சிப்புளியிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போகும்போது, பாம்பன் ரோட்டுப் பாலத்தின் ஏற்றத்தில் அது இரைக்கிற இரைப்பில், பின்னால் வரும் டூரிஸ்ட் வேன்காரர்கள் கடலை நிதானமாகப் பார்த்து முடித்துவிடுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் 61 நாள் கரையில் கிடந்தால் லாரிக்கும் ஓய்வுதான். "இதுக்குள்ள எஞ்சினை மாத்திருவோம்டா" என்றார் சித்தப்பா. மதுரையிலிருந்து அதே கம்பெனியின் டர்போ எஞ்சின் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வந்து இறங்கியது. ஆர்.டி.ஓ. அனுமதி, ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மாற்றுவது எல்லாம் தனிக்கதை. அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

புளியமரத்தில் செயின் பிளாக்கைக் கட்டிப் பழையதை இறக்கினோம். டர்போ என்றால் என்ன என்று அப்பத்தா கேட்டது. வெளியேறும் புகை ஒரு சின்ன விசிறியைச் சுற்றும், அதே தண்டில் இருக்கும் இன்னொரு விசிறி எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் என்று கை கால் ஆட்டி விளக்கினேன். "ஊதுகுழல்னு சொல்லு" என்று எழுந்து போய்விட்டது.

புது எஞ்சினைப் பூட்டி, கைப்பம்பை அடித்து, டீசல் லைனில் இருந்த காற்றை எடுத்தோம். ஃபில்டரில் நுரை நின்று டீசல் மட்டும் வந்தபோது சித்தப்பாவின் கைலியும் டீசலாகவே இருந்தது. சாவியைத் திருப்பினால், 'டக்'. அவ்வளவுதான்.

பேட்டரி மாற்றினோம். டக். எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினோம். டக். எட்டுப் பேர் சேர்ந்து தள்ளினால் மட்டும் முதல் உறுமலிலேயே கிளம்பிவிடும். சரி, சரிவில் நிறுத்தலாம் என்றால் எங்கள் பக்கத்தில் மேடு என்று இருப்பது அந்தப் பாலம் ஒன்றுதான்.

டீக்கடையில் ஆளுக்கொரு வைத்தியம். டர்போவுக்குப் பெரிய பேட்டரி வேண்டும் என்றார் ஒருவர், மதுரைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றார் இன்னொருவர். சித்தப்பா எதற்கும் இருக்கட்டும் என்று பூசணிக்காய் உடைத்தார். அதில் வழுக்கி விழுந்தது நான்.

ஜூன் 13 இரவு. விடிந்து ஒரு நாள் போனால் படகுகள் கடலுக்குப் போகும். நான் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். திடீரென்று ரப்பர் தீயும் நாற்றம், காலடியில் புகை. ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டால் தோசைக்கல்! அலறிக்கொண்டு கீழே குதித்தேன்.

மெக்கானிக் அண்ணன் மட்டும் பதறவில்லை. "ஹெட்லைட்டைப் போட்டுட்டு செல்ப் அடி" என்றார். அடித்தேன். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை.

"பேட்டரி இளைச்சிருந்தா லைட்டு மங்கணும். கரண்டு இருக்கு, போற வழிதான் இல்லை" என்றவர், ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் கவ்வவிட்டார். சாவியைத் தொட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கின் மேல். ரப்பர் கரண்டை விடாது. பேட்டரி மைனஸ் பூட்டியிருப்பதோ சேஸிஸில், அதாவது லாரியின் இரும்புச் சட்டத்தில். அதனால் சேஸிஸுக்கும் எஞ்சினுக்கும் நடுவே பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று எர்த்தாக இருக்கும். அது இல்லாததால் செல்ப் இழுக்கும் அத்தனை ஆம்பியரும் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது.

"எர்த் பட்டை எங்கே?" என்று கேட்டார் அண்ணன். பழைய எஞ்சினோடு கழற்றித் திண்ணையில் போட்ட ஞாபகம். தேடினோம், இல்லை.

"பச்சையாக் களிம்பு பிடிச்சுக் கிடந்துச்சே, அதா?" என்றது அப்பத்தா. "பழைய இரும்புக்காரன் வந்தான். பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன்."

"ஆத்தா!" என்று தலையில் கை வைத்தார் சித்தப்பா. "ஒரு வாரமா எட்டுப் பேரு தள்ளுறோம். எவ்வளவு பழம் குடுத்தான்?"

அப்பத்தா பதில் சொல்லாமல் என்னையே பார்த்தது. கால் கிலோ. அதில் இரண்டே பழம்தான் அது தின்றது.